ஆச்சி கோயில்

1984-இல் என் ஆச்சி இறந்த அன்று நாங்கள் நாலு பேரும் கோயில் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே ஆச்சி பெட்டியில் கிடந்தாள். ஆர்மோனியச் சத்தம் வெளியே கேட்டது. அம்மா வெள்ளைச் சேலையின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். "ஏட்டி, ஆத்தா முகத்தையாவது பாத்துட்டுப் போ." அம்மா போகவில்லை. எங்கள் பெந்தேகொஸ்தே சபையின் கட்டளை அப்படி. பெயர்ச்சபை என்று எங்கள் சபையார் சொல்லும் ஆச்சியின் கோயிலுக்குள் கால் வைப்பது, விட்டு வந்த பாபிலோனுக்குள் திரும்பிப் போவது என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிப் போனபோது முப்பது அடி பின்னால் நடந்தோம். எல்லாரும் மண் போட்டு முடித்துக் கலைந்த பிறகு அம்மா தனியாகப் போய் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

இன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம்.

கோயில் என்று நான் சொல்வது சர்ச்சைத்தான். எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்வோம். குருவானவரை ஐயர் என்போம். மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் நாட்டு ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோயிலின் 192 அடிக் கோபுரம் எங்கள் விளையிலிருந்து பார்த்தால் பனைகளுக்கு மேலே தெரியும். ஆச்சி அதைப் பார்த்துத்தான் காலை ஜெபம் சொல்வாள். பனையோலைக் கொட்டான் முடைந்து பிழைத்தவள். காதில் பாம்படம் தொங்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பு மேட்டிலிருந்த மண்கலயத்தில் போடுவாள். மாசக் கடைசியில் அந்தப் பிடி அரிசி கோயிலுக்குப் போகும். எல்லார் வீட்டு அரிசியும் சேர்ந்து ஏலத்துக்கு வரும். அதில் உபதேசியார் சம்பளத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் காசு கிடைக்கும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் பிடியைப் போடுவது அவள் வேலையாம். கை சின்னது என்பதால் இரண்டு பிடி போடச் சொல்வாளாம் ஆச்சி.

அப்படி வளர்ந்த அம்மா 1975-இல் வெளியே வந்தாள். "வெளியே வந்தோம்" என்பது எங்கள் சபையில் பெரிய வார்த்தை. என் தம்பிக்குப் பிறகு பிறந்த குழந்தை நாற்பது நாளில் இறந்துபோயிருந்தது. அம்மா சோறு தண்ணி இல்லாமல் சுவரோரம் படுத்துக் கிடந்தாள். அப்போது வெள்ளைச் சேலை கட்டிய மூன்று சகோதரிகள் வந்தார்கள். தினமும் வந்தார்கள். துணி துவைத்தார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், அம்மாவின் தலையை மடியில் வைத்து மணிக்கணக்கில் ஜெபித்தார்கள். இதை நான் மறைத்துவிட்டு அந்தச் சபையைப் பற்றிப் பேசினால் அது நியாயம் ஆகாது. அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அவர்கள்தான்.

எழுந்து உட்கார்ந்த அம்மா ஞானஸ்நானம் எடுத்தாள். கம்மலைக் கழற்றினாள். சிலுவை பொறித்த தாலியையும் கழற்றினாள். "புருஷன் உசுரோட இருக்கையில கழுத்த மொட்டையாக்கிட்டாளே" என்று ஆச்சி அழுத அழுகை எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

அதன்பின் எங்கள் வீட்டில் விடியல் என்பது நாலு மணி. முழங்கால்படியிட்டு ஒரு மணி நேர ஜெபம். ரேடியோ கிடையாது, பத்திரிகை கிடையாது, தலையில் பூ கிடையாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை நாடகத்தில் சேர்த்தார்கள் என்று அப்பா தலைமையாசிரியரிடம் வந்து என் பெயரை அடித்துவிட்டுப் போனார். காய்ச்சல் வந்தால் எண்ணெய் பூசி ஜெபம். மாத்திரை விழுங்குவது அவிசுவாசம். எல்லாவற்றுக்கும் மேலே இரகசிய வருகை. ஆண்டவர் எந்த நொடியிலும் வருவார், ஆயத்தமானவர்களை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா இல்லை, தம்பி இல்லை. கூப்பிட்டேன்; பதில் இல்லை. வருகை நடந்துவிட்டது, என்னை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். மத்தியானம் கூட்டாளியிடமிருந்து ஒரு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருக்க நினைத்த பாவம்தான் காரணம் என்று தோன்றியது. வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். அம்மா பின்பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. இந்தப் பயம் என்னைவிட்டுப் போக முப்பது வருஷம் ஆயிற்று. என் மகள் பள்ளி விட்டு வந்து வீட்டில் யாரும் இல்லையென்றால் டி.வி. போட்டுக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்த்து நிம்மதியில் அழுதிருக்கிறேன்.

2003-இல் அந்த மகளுக்கு ஆறு வயது. காய்ச்சல் எட்டு நாளாக இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி அவள் என்னை அடையாளம் தெரியாமல் வேறு யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டைபாய்டு என்றார்கள். ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் இட்லி கேட்டாள். அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று என் அவிசுவாசத்தை அறிக்கையிட வேண்டும் என்று மூத்த சகோதரர் சொல்லியனுப்பினார். நான் போனேன். எழுந்தும் நின்றேன். வாய் திறக்கவில்லை. பக்கத்தில் பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளை வைத்துக்கொண்டு, நீ பிழைத்தது என் பாவம் என்று எப்படிச் சொல்ல? அவள் கையைப் பிடித்து வெளியே நடந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கழித்து வந்தார். அம்மா அங்கேயே இருந்தாள்.

மறுநாளிலிருந்து தெருவில் யாரும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் என்னோடு முழங்கால் போட்டவர்கள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் என்னைக் கண்டால் காய்கறியைக் குனிந்து பொறுக்கினார்கள். அம்மா போனில் பேசுவாள். என் வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாள்.

ஏழு மாசம் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. உடம்பு மட்டும் நாலு மணிக்கு எழுந்துவிடும். ஞாயிறு ஒன்பது மணிக்கு வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். ஜெபிக்க வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சத்தம் போட்டு, கண்ணீர் விட்டு, சொந்த வார்த்தையில் ஜெபிப்பதே ஜெபம் என்று பழகியவளுக்குச் சொந்த வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை.

பிறகு தேட ஆரம்பித்தேன். ஒரு பெரிய கூடாரச் சபைக்குப் போனேன். டிரம்ஸ், திரையில் பாட்டு, கலர் சேலைகள். நகை போடலாம், மருந்து சாப்பிடலாம். ஆனால் காணிக்கை நேரத்தில் பிரசங்கியார் கொடாதவர்களுக்கு வரும் சாபங்களைச் சொன்னபோது என் வயிற்றுக்குள் பழைய ஒன்பது வயசு எழுந்து உட்கார்ந்தது. வெளியே வந்துவிட்டேன். ஒரு சகோதரர் சபைக்குப் போனேன். அமைதியான இடம், எனக்குப் பிடித்திருந்தது. அப்பம் பிட்கும் நேரம் வந்ததும் முந்தின சபையிலிருந்து சிபாரிசுக் கடிதம் உண்டா என்று தாழ்மையாகக் கேட்டார்கள். எனக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? பின்பெஞ்சில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயிலில் சிலுவைப்பாதைக்கு நின்றேன். சுரூபங்களைப் பார்த்துக் கை நடுங்கியது. விக்கிரகம், விக்கிரகம் என்று காதுக்குள் ஒரே சத்தம். பக்கத்தில் நின்ற பாட்டி ஒன்றும் கேட்காமல் தன் பாயில் பாதியை எனக்குத் தள்ளிக் கொடுத்தாள். அந்தப் பாதிப் பாயில் முழங்கால் போட்டேன். அங்கே நான் தங்கவில்லை. ஆனால் அந்தப் பாயை மறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா கோயிலைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும் சொல்வார்கள். ஒருநாள் அதன் கதையைத் தேடிப் படித்தேன். கோகிலா என்ற பிராமண விதவை தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வந்தவள். ஞானஸ்நானம் கேட்டாள். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். கல்யாணமில்லாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறாள் என்பது காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல்தான் குளோரிந்தா என்ற பெயர் வைத்துக் கொடுத்தார். 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர்; முதல் பெயர் அவளுடையது. 1785-இல் அவள் கட்டிய கோயில் பிரதிஷ்டையானது. திருநெல்வேலிச் சபைகள் தங்கள் தொடக்கத்தை அங்கேதான் எண்ணுகின்றன. வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து. படித்துவிட்டு அந்தச் சின்னக் கட்டடத்தின் நிழலில் வெகுநேரம் நின்றேன்.

அதிலிருந்து எனக்குப் படிக்கும் பசி வந்தது. எங்கள் சபையில் சரித்திரம் என்றால் அப்போஸ்தலர் காலம், அடுத்து நாங்கள். நடுவில் இருட்டு. ஆனால் எங்கள் மண்ணிலேயே 1857-இல் நாசரேத் பக்கம் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துத் தனிச்சபை கண்டிருக்கிறார். 1860-இல் சுவிசேஷகர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் காலத்து எழுப்புதலில் எங்கள் சீமைக் கிராமத்து ஜனங்கள் அந்நியபாஷை பேசியிருக்கிறார்கள். பெந்தேகொஸ்தேக்காரர் தங்கள் தொடக்கமாகச் சொல்லும் அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதல் 1906-இல்தான். எங்களுக்கு மட்டும் அருளப்பட்டது என்று நான் நம்பிய வரம், ஆச்சியின் ஆச்சி காலத்தில் பனங்காட்டில் இறங்கியிருக்கிறது. வெளியே வருவதும் புதிதில்லை. அம்மாவும் நானும் ஒரு நீளமான வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்ததும், எட்டு மாசமாக என்னை அழுத்திய தனிமை கொஞ்சம் இறங்கியது.

2004-இல் ஒரு ஞாயிறு, காரணம் சொல்லத் தெரியாமல், ஊருக்கு பஸ் ஏறினேன். மாமா அப்போது இல்லை. மணி அடித்து முடித்த பிறகே கேட்டைத் தாண்டினேன். இருபது வருஷத்துக்கு முன் தாண்டாத கேட். தாண்டும்போது கால் உண்மையாகவே கனத்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்கள் சபையில் இவர்களின் வழிபாட்டைச் செத்த ஜெபம் என்பார்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார்களே, ஆவியானவருக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி புத்தகத்தை விரித்து, விரலால் வரியைக் காட்டினார். பாவ அறிக்கை. இருநூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். யாரும் என்னைத் தனியாக எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஐயரும் முழங்காலில் நின்று அதே வரியைச் சொன்னார். நானும் சொன்னேன். பதினோரு மாசத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து ஜெபம் வந்தது. வார்த்தைகள் என்னுடையவை அல்ல, அதனால்தான் வந்தன. எத்தனையோ பேர், எத்தனையோ சாவுக்கும் பஞ்சத்துக்கும் நடுவே சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். நான் தூக்க முடியாத நாளில் அவை என்னைத் தூக்கின. எழுதி வைத்த ஜெபம் செத்தது என்று இனி யார் சொன்னாலும் நான் சண்டைக்கு நிற்பேன்.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. திருவிருந்துக்கு முன் ஐயர் இரண்டு கைகளையும் குவித்து, அருகிலிருந்தவரின் கைகளுக்குள் வைத்தார். அவர் அடுத்தவருக்கு. அப்படியே பெஞ்சு பெஞ்சாக அந்தச் சமாதானம் பின்னால் வந்தது. முன்பெஞ்சிலிருந்து ஒரு கிழவி திரும்பினாள். ஓலை கிழித்துக் காய்த்துப்போன கை, ஆச்சியின் கை மாதிரியே. என் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்தினாள். ஒரு வருஷமாகச் சபையார் யாரும் தொடாத கை. நான் தேம்பி அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரும் இல்லாததால் வைத்தபடியே நின்றாள்.

அந்தக் கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று பிற்பாடு படித்தேன். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் எல்லாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அவர்கள் 1950-இல் அமைத்த வழிபாட்டில் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் காலங்காலமாக இருந்த வழக்கம் அது. பிரிந்தே பழகிய நாட்டில் சேர்ந்தவர்கள் கையால் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

இந்தக் கோயில் பரலோகம் என்று சொல்ல வரவில்லை. மனுஷர் கூடும் இடம். அறுப்பின் பண்டிகையில் நான் முருங்கைக்காய்க் கட்டை ஏலம் எடுக்கிறேன். அசன விருந்துக்கு இஞ்சி உரிக்கப் போகிறேன். நாற்பத்தொன்றாம் வயதில் காது குத்திக்கொண்டேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணி ஜெபத்தை மட்டும் விடவில்லை. அது அந்தச் சபை எனக்குத் தந்தது. மனப்பாடமாக இருக்கும் வேத அதிகாரங்களும்தான். அவற்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

2022-இல் மகளுக்குக் கல்யாணம், ஆச்சி கோயிலில். அம்மாவுக்கு எண்பது வயது. வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். காரிலிருந்து இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். வேப்பமரம் எப்போதோ போய்விட்டது, வெயில். நான் கூப்பிடவில்லை. 1984-இல் மாமா கூப்பிட்டபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தவள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை யாரும் சொல்லாமல் ஒரு நாற்காலியும் குடையும் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு கேட்டின் இரண்டு கதவையும், கோயிலின் பெரிய கதவையும் அகலத் திறந்து கல் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் பலிபீடம் வரை தெரியும்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் பொண்ணு மாப்பிள்ளையை நேராகக் கேட்டுக்கு அழைத்துப் போனார். இருவரும் மண்ணில் முழங்கால் போட்டார்கள். அம்மா எழுந்து தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தாள். அவள் வழியில், சத்தமாக, கண்ணீரோடு, நடுவே அந்நியபாஷையோடு. பத்து நிமிஷம் இருக்கும். ஐயர் வெயிலில் தலைகுனிந்து கடைசிவரை நின்றார். அவள் முடித்தபோது ஆமென் சொன்னார். கூட நின்ற ஊர் ஜனமும் சொன்னது.

அப்பா போன பிறகு அம்மா என் வீட்டில் இருக்கிறாள். வெள்ளைச் சேலைதான். ஞாயிறு காலை அவளை அவள் சபைக்கு ஆட்டோ ஏற்றிவிட்டு நான் ஊருக்கு பஸ் ஏறுவேன். கோயிலைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சுகர் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது மாத்திரை இருக்காது. இதையும் பேசுவதில்லை.

போன மாசம் அடுக்களை அலமாரியைத் துடைக்கும்போது பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி அரிசி. சோற்றுக்கு அரிசி களைந்து போடுவது இப்போது அம்மாவின் வேலை.

"என்னம்மா இது?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் நிறையல. நிறைஞ்ச பொறவு கொண்டு போ."